மறு: ரூசோவின் 'பொது விருப்பம்': சொல்லை மாற்றலாமா?

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

அரசியல் மெய்யியல் அறிமுகப் பாடத்தின் சொல்லடைவில் ஹாப்ஸ், லாக் பகுதிகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. சமூக ஒப்பந்தம், இயற்கை நிலை, இறையாண்மை, இசைவு ஆகியவற்றைத் தொட வேண்டியதில்லை. முட்டுவது ரூசோவிடம்தான். 1762இல் வந்த அவருடைய 'சமூக ஒப்பந்தம்' நூலைத் தாங்கி நிற்கும் 'வொலொந்தே ஜெனரால்' என்ற பிரெஞ்சுத் தொடரைப் 'பொது விருப்பம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லே மாணவரைத் தவறான வழியில் இழுத்துப் போகிறது.

விருப்பப் பாடம், விருப்பப் பாடல் என்கிறோம். விருப்பம் என்றால் பிடித்தது, வேண்டும் என்று தோன்றுவது. முன்னால் 'பொது' சேர்ந்ததும் பலருக்குப் பிடித்தது என்றாகிவிடுகிறது. 'பெரும்பான்மையோர் விரும்புவதே பொது விருப்பம்' என்று மாணவர் எழுதினால் பிழை அவருடையதன்று. ஆனால் இரண்டாம் புத்தகம், மூன்றாம் இயலில் ரூசோ பிரித்துக் காட்டுவதே இந்த இரண்டையும்தான்: ஆளாளுக்குத் தன் நலம் கருதி வேண்டுவதைக் கூட்டினால் கிடைப்பது ஒன்று, பொது நலத்தை மட்டும் நோக்குவது வேறொன்று.

வகுப்பில் இப்படி விளக்கலாம். இருபது பேர் சேர்ந்து ஒரு சாலை போட வேண்டும். ஒவ்வொருவரும் 'மற்றவர் வரி கட்டட்டும், எனக்கு மட்டும் விலக்கு வேண்டும்' என்கிறார். கூட்டிப் பார்த்தால் இருபது விலக்குகள், சாலை இல்லை. இருபது பேரும் ஒரே மாதிரி வேண்டியும் ரூசோ சொல்வது பிறக்கவில்லை. 'எல்லார்க்கும் ஒன்றாகப் பொருந்தும் விதி எது?' என்று கேட்கும்போதுதான் அது பிறக்கிறது.

என் முன்மொழிவு: பொதுத்துணிபு. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்பது குறள் 671. ஆராய்ந்து முடித்தபின் செய்வதென்று உறுதி கொள்வதே துணிவு. இன்றைக்குத் 'துணிவு' வீரமாகிவிட்டது. 'பொதுத்துணிவு' என்றால் ஊரார் தைரியம் என்று படிப்பார்கள். 'துணிபு' அப்படி ஆகவில்லை. 'என்பது அறிஞர் துணிபு' என்று உரைநடையில் இன்றும் வாழ்கிறது.

———

ஐயா, வணக்கம்.

> ஆராய்ந்து முடித்தபின் செய்வதென்று உறுதி கொள்வதே துணிவு

குறள் வழி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அதே குறளில் 'சூழ்ச்சி' என்ற சொல்லும் இருக்கிறது. அன்று ஆராய்ச்சி, இன்று சதி. பழஞ்சொல்லை மீட்கும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. துணிபு தப்பியது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு மூன்று தடைகள்.

முதலாவது, துணிபு என்பது அறிவின் முடிவு. 'இது இன்ன காலத்து நூல் என்பது என் துணிபு' என்போம். ரூசோ பேசுவது செயலுக்கு முந்திய உறுதியை. நான்காம் புத்தகத்தில் வாக்களிப்பைப் பற்றிச் சொல்லும் இடம் இதனால் குழம்பும். அங்கே குடிமகனிடம் கேட்பது இந்தச் சட்டம் பிடிக்கிறதா என்பதையன்று. அது பொதுத்துணிபுக்கு ஒத்ததா என்பதை. அவர் தருவது அதைப் பற்றிய கருத்து. அப்படியானால் துணிபைப் பற்றி ஒரு துணிபு என்றாகாதா?

இரண்டாவது, தனி ஒருவர் வேண்டுவது, அவற்றின் கூட்டல், பொது நலத்தை நோக்குவது என்ற மூன்று இடத்திலும் ரூசோ ஒரே வேர்ச்சொல்லை ஆள்கிறார். ஒரே மனிதனுக்குள் தனி மனிதனாக ஒன்றும் குடிமகனாக வேறொன்றும் மோதலாம் என்பதே முதல் புத்தகம் ஏழாம் இயலின் உயிர். ஒன்றை விருப்பம், மற்றதைத் துணிபு என்று பிரித்தால் அந்த மோதல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது, 'சித்தம்' என்ற சொல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்? தமிழ் விவிலியத்தில் 'தேவனுடைய சித்தம்' வேரூன்றிய வழக்கு. இந்தக் கருத்தே பிரெஞ்சு இறையியலில் கடவுளின் பொதுச் சித்தம் பற்றிய வாதத்திலிருந்து, 17ஆம் நூற்றாண்டின் மால்பிரான்ஷ் போன்றோர் வழியாக, அரசியலுக்கு வந்தது. 'பொதுச்சித்தம்' அந்த வரலாற்றையும் சுமக்கும்.

———

அம்மா, இரண்டாவது தடை முழுக்கச் சரி. மூன்றுக்கும் துணிபையே வேராக்குவோம்: தனித்துணிபு, துணிபுத்தொகை, பொதுத்துணிபு. நடுவில் உள்ளதைக் 'கூட்டுத்துணிபு' என்று மட்டும் வைத்துவிடக் கூடாது. கூட்டு என்றால் ஒன்றுபட்டது என்று மனம் கொள்ளும். மாணவர் அதையே உயர்ந்ததாக எடுத்துக்கொள்வர். 'தொகை' வெறும் கூட்டல் கணக்கைத்தான் சொல்கிறது; ரூசோவும் அதைத் தனித்துணிபுகளின் தொகை என்றே சொல்கிறார்.

சித்தம்: வரலாற்றுப் பொருத்தம் உண்மை. ஆனால் 'உம் சித்தம்' என்றால் நாம் கீழ்ப்படிபவர். சித்தம் மேலிருந்து வருவது. ரூசோவில் ஆணையிடுபவரும் கீழ்ப்படிபவரும் ஒரே மக்கள். தனக்குத் தானே விதித்த சட்டத்துக்குப் பணிவதே விடுதலை என்ற வரியைச் சித்தம் தாங்காது. 1789 பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தின் ஆறாம் பிரிவில் போட்டுப் பாருங்கள்: 'சட்டம் பொதுத்துணிபின் வெளிப்பாடு' நிற்கிறது. 'பொது விருப்பத்தின் வெளிப்பாடு' என்றால் கருத்துக்கணிப்புப் போல ஒலிக்கிறது.

முதல் தடையை முழுதாக நீக்க முடியவில்லை. வாக்கைக் 'கருத்து' என்றே சொல்லி, அந்த இயலில் துணிபு என்ற சொல்லைப் பொதுத்துணிபுக்கு மட்டும் ஒதுக்கலாம். அறிவுச் சாயல் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ஆசைச் சாயலைவிட அது செய்யும் கேடு குறைவு.

இந்த வேரை ரூசோவுக்கு வெளியே நீட்ட வேண்டாம். ஹாப்ஸ் இதே கருத்துக்குத் தரும் பொருள், எண்ணிப் பார்த்தலின் கடைசியில் நிற்கும் விழைவு என்பதே. அங்கே 'விருப்பம்' பொருந்துகிறது. ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் இதே கருத்துக்கு முன்னால் சேர்க்கும் 'நல்ல' என்ற அடைமொழியோடு துணிபு சேராது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

'பொது' பற்றி ஒன்று. அது எல்லாரிடமிருந்தும் வரவேண்டும், எல்லார்க்கும் பொருந்தவும் வேண்டும் என்கிறார் ரூசோ. பெயர் சொல்லி ஒருவருக்குச் சலுகை தந்தால், எல்லாரும் கைதூக்கியிருந்தாலும் அது சட்டமாகாது. சொல்லடைவு விளக்கத்தில் இந்த இரண்டு பக்கமும் வரவேண்டும். ஒரு கட்சிக்குள் பொதுவானது நாட்டின் முன் தனித்துணிபாகிவிடும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

பாடத்தில் முதல் முறை வரும்போது 'பொதுத்துணிபு (பழைய வழக்கு: பொது விருப்பம்)' என்று எழுதி, அடுத்த பக்கத்திலிருந்து பழையதை விட்டுவிடலாம். பழைய பாடநூலைக் கையில் வைத்திருப்பவர் அதற்குள் பழகிவிடுவார்.