எவாஞ்சலியனை ஐக்கியக் கூட்டத்தில் போட்டுக் காட்டலாமாம்!

குழித்துறைக்காரன்:
எங்கள் சபை வாலிபர் ஐக்கிய வாட்சப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "எவாஞ்சலியன் பைபிளை வைத்து எடுத்த அனிமே, கூட்டத்தில் தாராளமாகப் போட்டுக் காட்டலாம்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1995-96இல் ஜப்பான் டிவியில் வந்த அந்தக் கார்ட்டூன் தொடரின் 26 எபிசோடையும் பார்த்தவன் நான். சிலுவையில் லிலித் என்கிற ராட்சத உருவத்தை அறைந்து வைத்திருக்கிறார்களே, அதை விடுங்கள். இயேசுவின் விலாவில் குத்தியதாகச் சொல்கிற லாங்கினஸ் ஈட்டியையும் விடுங்கள். 22ஆம் எபிசோடில் கொட்டுகிற மழையில் ராட்சத எந்திரத்துக்குள் துப்பாக்கியும் கையுமாக நிற்கிறாள் ஆஸ்கா, 14 வயசுப் பிள்ளை. வானத்திலிருந்து ஒரு ஒளி இறங்கி அவள் மனசைக் கிண்டிக் கிளறுகிறது. அவள் கதறுகிறாள். பின்னால் என்ன பாட்டு தெரியுமா? இசையமைப்பாளர் ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ்! நாம் எழுந்து நின்று பாடுகிற அதே பாட்டு.

வடசேரி வாசகன்:
அண்ணே, 26 எபிசோட் பார்த்தும் உங்களுக்குக் காதில் விழுந்தது இந்த ஒரு பாட்டுதானா? ஆஸ்காவின் அம்மா தூக்கில் தொங்கியதை அந்தப் பிள்ளை நேரில் பார்த்தது. அவள் புதைத்து வைத்திருந்ததை எல்லாம் அந்த ஒளி தோண்டி வெளியே போடுகிறது. மேலே மகிமைப் பாட்டு, கீழே ஒரு பிள்ளையின் நரகம். அந்த முரண்தான் காட்சியே. இயக்குநர் ஹிதேயாகி அன்னோ மன அழுத்தத்தில் கிடந்து எழுந்து வந்து எடுத்த தொடர் இது.

குழித்துறைக்காரன்:
முரணாம். அவருக்கு மன அழுத்தம் என்றால் அவர் ஊர்ப் பாட்டைப் போடட்டும். அல்லேலூயா எதற்கு?

தக்கலை டீச்சர்:
ஒரு நிமிஷம். யாருக்குக் காட்டப் போகிறீர்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கா, கல்லூரிப் பிள்ளைகளுக்கா? 1997இல் வந்த முடிவுப் படத்தின் ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாத ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி இருக்கிறது. பாட்டை விடுங்கள், அதை யாராவது யோசித்தீர்களா?

குழித்துறைக்காரன்:
டீச்சர், அது வேறு விஷயம். இப்போது பேச்சு அல்லேலூயா.

முப்பந்தல் காற்று:
எங்கள் ஊர்க் கோயில் கொடையில் சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டில் பாடுவார்கள். சுடுகாட்டில் பிணம் தின்கிற இடம் வரும்போது பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கண் இமைக்காமல் கேட்கும். யாரும் நம்பிக்கை இழந்து போகவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பதற்றம்?

குழித்துறைக்காரன்:
சாமியைப் பற்றிச் சாமி முன்னால் பாடுவது வேறு, ஓய். உங்கள் வில்லுப்பாட்டை யாராவது எடுத்து ஒரு பிள்ளையைச் சித்திரவதை செய்கிற காட்சிக்குப் பின்னால் போட்டால் சும்மா இருப்பீர்களா?

முப்பந்தல் காற்று:
எங்கள் வில்லுப்பாட்டு ஜப்பான் வரைக்கும் போச்சே என்று சந்தோஷப்படுவேன்.

வடசேரி வாசகன்:
உதவி இயக்குநர் சுருமாகியே சொல்லிவிட்டார்: மற்ற ரோபோ தொடர்களிலிருந்து வித்தியாசமாகத் தெரியத்தான் சிலுவையை எல்லாம் சேர்த்தோம், அதற்கு மத அர்த்தம் கிடையாது என்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

குழித்துறைக்காரன்:
ஆக, பார்க்க அழகாக இருக்கிறது என்று சிலுவையைத் தூக்கிப் போட்டார்கள். இதை நீங்களே சொல்லிவிட்டு என்னிடம் "என்ன வேண்டும்" என்கிறீர்கள். எதிர்த்து எடுத்திருந்தால்கூட மதித்திருப்பேன். மறுபடியும் சொல்கிறேன், 22ஆம் எபிசோட். அல்லேலூயா.

வடசேரி வாசகன்:
அந்தப் பாட்டே சபையில் பிறந்தது இல்லை அண்ணே. அது வருகிற 'மேசியா' என்கிற பெரிய இசைப் படைப்பு முதலில் அரங்கேறியது 1742இல் டப்ளினில், ஒரு இசை அரங்கில். அடுத்த வருஷம் லண்டனில் நாடகக் கொட்டகையில் போட்டார்கள். வேத வசனத்தைக் கொட்டகையில் பாடலாமா என்று பத்திரிகையில் அன்றைக்கே ஒருவர் குதித்தார். நீங்கள் அவருடைய பேரன்.

குழித்துறைக்காரன்:
அந்த மனுஷனுக்கு வணக்கம். கொட்டகையில் போட்டபோதும் யாரும் அதைக் கதறலுக்குப் பின்னணியாகப் போடவில்லை. இங்கிலாந்து ராஜாவே எழுந்து நின்றார்.

வடசேரி வாசகன்:
ராஜா அங்கே இருந்ததற்கே அந்தக் காலத்துச் சாட்சி கிடையாது. பிறகு வந்த கதை அது.

குழித்துறைக்காரன்:
அப்போது நாங்கள் வருஷா வருஷம் எழுந்து நிற்பதும் கதையா?

குளச்சல் அலை:
ஹேண்டல் அதை எழுதியது 1741. அதே வருஷம் ஆகஸ்டில்தான் எங்கள் ஊரில் டச்சுக்காரனை மண்டியிட வைத்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பேச்சைக் கேட்டுத்தான் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கினார். 2022இல் புனிதர் பட்டமும் வந்தாச்சு. அதைப் பேசுங்கள், பெருமையாவது மிஞ்சும்.

முப்பந்தல் காற்று:
மண்டியிட வைத்தது மார்த்தாண்ட வர்மா படை. உங்கள் ஊர் போர் நடந்த இடம், அவ்வளவுதான்.

குளச்சல் அலை:
கடற்கரைச் சனம் இல்லாமல் எந்தப் படை ஜெயித்தது? மலையடிவாரத்தில் காற்றாடி எண்ணுகிற ஆட்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது.

முப்பந்தல் காற்று:
காற்றாடி கரண்டில்தான் உங்கள் போன் சார்ஜ் ஆகிறது மக்கா.

தக்கலை டீச்சர்:
நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. எந்த வயசு?

குழித்துறைக்காரன்:
டீச்சர், எந்த வயசானாலும் அல்லேலூயா அல்லேலூயாதான். குளச்சல்காரரே, உங்கள் கோயிலில் இதற்கு என்ன சொல்வார்கள்?

குளச்சல் அலை:
எங்கள் பக்கம் இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகத்தில் சாட்டையடி விழும்போது முதல் வரிசைப் பிள்ளைகள் அழும். ரத்தம் பார்த்துப் பழகினவர்கள் நாங்கள். நீங்கள் கார்ட்டூனுக்குப் பயப்படுகிறீர்கள்.

குழித்துறைக்காரன்:
பயமா? பாஸ்குவில் சாட்டையடிக்குப் பின்னால் யாராவது அல்லேலூயா பாடுவார்களா? பதில் சொல்லும்.

வடசேரி வாசகன்:
இத்தனை பக்தி உள்ளவர் போன கிறிஸ்துமஸ் பாடல் போட்டியில் அதே அல்லேலூயாவைப் பாதியில் சுருதி விட்டதைப் பற்றியும் எழுதலாம். நானும் கூட்டத்தில்தான் இருந்தேன்.

குழித்துறைக்காரன்:
சுருதி விட்டது உங்கள் சபையில் உச்சக் குரல் பாடுகிற சோப்ரானோ. நாங்கள் ஆண் குரல் டெனரில் கடைசி வரை நின்றோம். நடுவர் யாருடைய மச்சான் என்று ஊருக்கே தெரியும். அதைப் பேச வேண்டாம் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

வடசேரி வாசகன்:
பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள். ரெக்கார்டிங் என்னிடம் இருக்கிறது.

முப்பந்தல் காற்று:
போடுங்கள் அண்ணே, கேட்போம். எந்த எபிசோட்?

குழித்துறைக்காரன்:
கேலி பண்ணுங்கள். அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை புரஜெக்டரோடு வரட்டும், வாசலில் நான் நிற்பேன். அந்த ரெக்கார்டிங்கை முழுசாகப் போடும் ஓய், வெட்டி ஒட்டாமல்.