பீனமுண்டேயைக் காலி செய்தபோது எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்?

மண்டபம் கேம்ப் பையன்:
கல்லூரியில் கலாம் ஐயா பிறந்தநாளுக்கு ராக்கெட் வரலாறு பேச வேண்டும். ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டை உருவாக்கிய பீனமுண்டே, பால்டிக் கடலில் உசெடோம் தீவின் முனையில் இருந்ததாம். 1945 தொடக்கத்தில் ரஷ்யப் படை நெருங்கியதும் காலி செய்திருக்கிறார்கள். நம் பாம்பன் மாதிரி ஒரு தீவிலிருந்து அவ்வளவு ஆட்களையும் சாமானையும் எப்படிக் கொண்டுபோனார்கள்? லாரி காக்கா இருந்தால் சொல்லுங்கள்.

கீழக்கரை லாரி புக்கிங்:
இருக்கிறேன் தம்பி. ராக்கெட் எனக்குத் தெரியாது, லோடு தெரியும். அதனால்தான் இந்தக் கதையைத் தேடித்தேடிப் படித்தேன்.

மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு இருந்து சண்டை போடு என்கிறது, இன்னொன்று கிளம்பு என்கிறது. அங்கே ராக்கெட் வேலைக்குத் தலைமை தாங்கிய வெர்னர் ஃபான் பிரவுன் தனக்குத் தோதான உத்தரவை எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் ரயிலிலும் லாரியிலும் தெற்கே நோர்ட்ஹவுசன், பிளைஷரோட பக்கம் நகர்ந்தார்கள். 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயில் குண்டு போட்ட பிறகு, ராக்கெட் தயாரிப்பு அங்கே மலைக்குள் குடைந்த சுரங்கத்துக்குப் போயிருந்தது.

வழியெல்லாம் செக்போஸ்ட். இவர்களுக்கு வந்த லெட்டர் பேடில் துறையின் சுருக்கெழுத்து தப்பாக அச்சாகியிருந்தது. அதையே பெரிய ரகசியத் திட்டத்தின் பெயர் என்று சொல்லி, லாரியிலும் பெட்டியிலும் பெயிண்டில் எழுதி ஓட்டிவிட்டார்கள். பர்மிட் இல்லாமல் லோடு அனுப்பிப் பார்த்தவனுக்குத்தான் இதன் ருசி தெரியும்.

எனக்குப் பிடித்தது ஏப்ரலில் நடந்தது. வரைபடங்களும் சோதனைக் குறிப்புகளும் 14 டன். இன்றைக்கு ஒரு டாரஸ் லாரியில் அடங்கிவிடும். பிரவுனின் ஆட்களான ஹூட்சல், டெஸ்மன் இருவரும் அதைக் கொண்டுபோய், டோர்ண்டன் என்ற ஊரில் கைவிட்ட சுரங்கம் ஒன்றில் அடுக்கி, வழியை வெடி வைத்து மூடினார்கள். ராக்கெட்டை மறுபடி செய்யலாம், காகிதம் போனால் போனதுதான். அமெரிக்க மேஜர் ஸ்டேவர் மோப்பம் பிடித்து, அந்த இடம் பிரிட்டிஷார் கைக்கு மாறுவதற்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டார். சுரங்கத் தொழிற்சாலையிலிருந்து சுமார் நூறு ராக்கெட்டுக்கான பாகங்களும் ரயிலேறி ஆண்ட்வெர்ப் துறைமுகம் வழியாக அமெரிக்கா போயின. பிரவுன் மே 2-ஆம் தேதி ஆஸ்திரிய எல்லையில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார்.

மண்டபம் கேம்ப் பையன்:
அப்படியானால் ரஷ்யாவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா காக்கா?

கீழக்கரை லாரி புக்கிங்:
யார் சொன்னது? பீனமுண்டேயில் கிடைத்தது பெரும்பாலும் இடிபாடு. ஆனால் ஜூலையில் நோர்ட்ஹவுசன் அவர்கள் கைக்கு வந்தது. மிச்சம் மீதியைப் பொறுக்கி, க்ரோட்ரப் என்ற ஜெர்மன் பொறியாளரையும் பிடித்துக்கொண்டு அங்கேயே வேலையைத் தொடர்ந்தார்கள். ரஷ்ய ராக்கெட் பொறியாளர் கொரலேவும் வந்து பார்த்தார். 1946 அக்டோபர் 22 விடிகாலையில் ஜெர்மன் ஆட்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றி ரஷ்யாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1948-இல் வி-2-ஐப் பார்த்துச் செய்த ரஷ்ய ராக்கெட் ஆர்-1 பறந்தது.

தங்கச்சிமடம் டீச்சர்:
எல்லாம் சரி. அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களை யார் காலி செய்தார்கள்?

கீழக்கரை லாரி புக்கிங்:
நானே சொல்லியிருக்க வேண்டியது டீச்சர். மிட்டல்பாவ் டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள். சுமார் 60,000 பேர் அந்த முகாம்களில் அடைபட்டார்கள், ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். ஏப்ரலில் அமெரிக்கர்கள் வருவதற்குள் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் ஆட்கள் அவர்களையும் காலி செய்தார்கள், ரயில் பெட்டிகளில் அடைத்தும் நடத்தியும். அப்படிப் போனவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏப்ரல் 13-ஆம் தேதி கார்டலேகன் ஊரில் ஒரு களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். ஓடி வந்தவர்களைச் சுட்டார்கள். 14 டன் காகிதத்துக்கு லாரி கிடைத்த அதே மாதம்.

மண்டபம் கேம்ப் பையன்:
எனக்குக் கொடுத்திருப்பது ஏழு நிமிஷம். எதை விடுவது?

கீழக்கரை லாரி புக்கிங்:
செக்போஸ்ட் கதையை விடு. பிரவுன் சந்திரனுக்கு மனிதனை அனுப்பியவர்தானே என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், சாட்டர்ன் 5 அவர் தலைமையில் செய்ததுதான். அந்தச் சுரங்கத்துக்கு அவர் பலமுறை போய் வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.