பழைய டிஸ்க்கைக் கழற்றினால் 'க்ரப் ரெஸ்க்யூ': எஸ்எஸ்டியில் டெபியன் எழவில்லை

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
வணக்கம். எங்கள் உரக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், யூஇஎஃப்ஐ (புது வகை பூட் முறை) இல்லாத பழைய மெஷின். டெபியன் 12 லினக்ஸ். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போடவே, 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி ஆர்சிங்க்கில் எல்லாவற்றையும் காப்பி செய்தேன். பழைய சிஸ்டத்தில் இருந்தபடியே, பூட் லோடரான க்ரப்பை எஸ்எஸ்டியில் ஏற்ற 'க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிபி' கொடுத்தேன், எரர் எதுவும் வரவில்லை. இரண்டையும் மாட்டினால் எழுகிறது. பழையதைக் கழற்றினால் கறுப்புத் திரையில் 'நோ சச் டிவைஸ்', பக்கத்தில் நீளமாக ஒரு யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்), கீழே 'க்ரப் ரெஸ்க்யூ>'. ஜூன் 12 மேட்டூர் திறப்பு நெருங்குகிறது, குறுவைக்கு டிஏபி கேட்டு ஆள் வந்துவிடும். புதிதாக இன்ஸ்டால் செய்யாமல் வழி உண்டா அண்ணே?

கும்பகோணத்திலிருந்து:
உண்டு தம்பி. இரண்டும் மாட்டியிருக்கும்போது 'ஃபைண்ட்மௌண்ட் /' அடித்துப் பாருங்கள், பழைய டிஸ்க்தான் ரூட்டாக (சிஸ்டம் ஓடும் பார்ட்டிஷனாக) இருக்கும். அங்கிருந்தே க்ரப் போட்டதால், எஸ்எஸ்டியின் முதல் செக்டார்களில் ஏறிய க்ரப் தன் மீதிக் கோப்புகளைப் பழைய பார்ட்டிஷனின் யூயூஐடியை வைத்தே தேடுகிறது. திரையில் வரும் அந்த நீளமான எண் அதுதான்.

ரெஸ்க்யூவில் 'செட் ப்ரிஃபிக்ஸ்', 'இன்ஸ்மாட் நார்மல்' என்று யாராவது சொல்வார்கள். மெனு வரும், ஆனால் அதிலுள்ள ரூட்டும் பழைய யூயூஐடிதான். கர்னல் ஏறி இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிக சிஸ்டத்தில்) போய் நின்றுவிடும்.

எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி, டெபியன் லைவ் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். /டெவ்/எஸ்டிஏ1-ஐ /எம்என்டியில் மௌண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதற்குள் பைண்ட் செய்து, சிஹெச்ரூட் போட்டு எஸ்எஸ்டியிலுள்ள சிஸ்டத்துக்கு உள்ளே போங்கள். பென்டிரைவே எஸ்டிஏ என்று வந்துவிடுவதும் உண்டு, எல்எஸ்பிஎல்கே கொடுத்து எது எந்த டிஸ்க் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஎல்கேஐடியில் வரும் புது யூயூஐடியை மௌண்ட் பட்டியல் கோப்பான /இடிசி/எஃப்எஸ்டேபில் ரூட் வரியில் மாற்றி, 'க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ', பிறகு 'அப்டேட்-க்ரப்'. பார்ட்டிஷனான எஸ்டிஏ1 இல்லை, முழு டிஸ்க்கான வெறும் எஸ்டிஏ.

மயிலாடுதுறையிலிருந்து:
டிடி போட்டு அப்படியே குளோன் செய்திருந்தால் யூயூஐடியே மாறியிருக்காதே?

கும்பகோணத்திலிருந்து:
500 ஜிபி எப்படி சார் 256-க்குள் நுழையும்? நுழைந்தாலும் ஒரே யூயூஐடியில் இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் எது மௌண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
அண்ணே, எழுந்துவிட்டது! பழையது மேசை மேல் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒன்றரை நிமிடம் நிற்கிறது.

கும்பகோணத்திலிருந்து:
எஃப்எஸ்டேபில் ஸ்வாப் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) வரி இன்னும் பழைய யூயூஐடியில் இருக்கும். எஸ்எஸ்டியில் ஸ்வாப் பார்ட்டிஷன் இருந்தால் அதன் எண்ணைப் போடுங்கள், இல்லையென்றால் வரியின் முன்னால் ஒரு ஹாஷ் (#) போட்டு அதை நிறுத்திவிடுங்கள். அப்புறம் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பிலும் அதே பழைய எண் இருக்கலாம். அதையும் மாற்றி (ஸ்வாப் இல்லையென்றால் 'ரெஸ்யூம்=நன்') 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கொடுத்துவிடுங்கள்.