தோசை தின்றாலும் காதுக்குள் வலிக்கிறது. தாடை மூட்டு என்கிறார்கள். பல்லை அராவ விடலாமா?

ஊசிநூல் (ஆரையம்பதி)

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டில் தையல் தைக்கிறவள், வயது 38. விறாந்தையில் இரண்டு மெசின், ஒன்றில் நான், மற்றதில் தங்கச்சி. போன மார்கழியில் பள்ளிக்கூட உடுப்பு தைக்கிற அவசரத்தில் தொடங்கின வருத்தம் இது.

வலது காதுத் துவாரத்துக்கு ஒரு விரல் முன்னால் வலி. காலையில் எழும்பும்போது தாடையைக் கயிற்றால் கட்டி வைத்த மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே மாபிள் ஒன்று உருள்கிற மாதிரித் தெரிகிறது. நான் கச்சான் கொறித்தால் பக்கத்தில் படுத்திருக்கிற என் மனிசனுக்கே அந்தச் சத்தம் கேட்கிறதாம். கச்சானை விட்டேன். பிறகு கணவாய்க் கறியை விட்டேன். இப்போது தோசைக்கும் வலிக்கிறது, இனி எதை விடுவது?

முதலில் காது என்றுதான் நினைத்தோம். மாமி நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினார். காது டொக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "வருத்தம் ஒன்றுமில்லை, எண்ணெய்தான் இருக்கிறது" என்றார். அடுத்ததாகத் தனியார் பல் கிளினிக் ஒன்றில் கீழ்க் கொடுப்புப் பல் பழுது என்று பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. மூன்றாவதாகப் போன இடத்தில், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தவில்லை, நாலைந்து பல்லை அராவிச் சமப்படுத்தினால் மூட்டு சரியாகும் என்றார்கள். கேட்ட காசுக்கு நான் இரண்டு மாதம் இரவு பகலாகத் தைத்தாலும் காணாது.

மாமி சொல்வது வேறு: "வாயை மூடிக்கொண்டு இரு, தன்பாட்டில் சுகம் வரும்." அது வைத்தியமா, எனக்குக் கொடுத்த பதிலா என்று இன்னும் பிடிபடவில்லை.

இப்போது வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. யாருக்காவது இப்படி வந்து மாறியிருக்கிறதா? அராவ விடலாமா?

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

தங்கச்சி, எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. கோயிலடியில் விடிய விடிய வடமோடிக் கூத்து. இரவு மூன்று மணி இருக்கும், நித்திரை தூக்கியடித்தது. ஒரு பெரிய கொட்டாவி விட்டேன். திறந்த வாய் மூடவில்லை! பக்கத்தில் இருந்த மச்சான், நான் கூத்துக்காரரைப் பழிக்கிறேன் என்று நினைத்துக் கால் மணி நேரம் சிரித்தான். வாணீர் ஒழுகத் தொடங்கின பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர் இரண்டு பெருவிரலிலும் துணியைச் சுற்றி, என் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்துக் கீழே அமத்திப் பின்னால் தள்ளினார். 'களுக்' என்று இருந்த இடத்தில் போய் இருந்தது. அன்றிலிருந்து கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையைப் பொத்திக் கொடுத்துவிடுவேன். உங்களுடையது எப்படி என்று தெரியாது. ஆனால் கொட்டாவியில் கவனம்.

கரைவாகு (கல்முனை)

நான் பல் வைத்தியன், அரச ஆஸ்பத்திரியில் வேலை. மேலே எழுதியவருக்கு: உங்கள் டொக்டர் செய்தது சரி. ஆனால் இதை வாசித்துவிட்டு வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். மூட்டு உட்காரும்போது வாய் படாரென்று மூடும், கடிபடுவது உங்கள் விரல்.

ஊசிநூல் சகோதரி, ஆளைப் பார்க்காமல் வைத்தியம் சொல்வது பிழை. ஆனாலும் ஒன்றை இப்போதே சொல்லலாம்: அராவ விடாதீர்கள். மற்றதை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி. தைக்கும்போது நூலை எதால் அறுக்கிறீர்கள்?

ஊசிநூல்

பல்லால்தான். அவசரத்தில் யார் கத்தரிக்கோல் தேடுவது? குண்டூசியும் வாயில்தான் இருக்கும், நாலு ஐந்தைக் கடித்துக்கொண்டுதான் கை பிடிப்பேன். நீங்கள் கேட்டதைத் தங்கச்சியிடம் சொன்னேன். "சட்டைக் கழுத்துத் திருப்பும்போது அக்காவைப் பார்க்க வேண்டும், கன்னம் மீன் செவுள் அடிக்கிற மாதிரி அடிக்கும்" என்கிறாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்தாளாம்.

கரைவாகு

அந்தச் செவுள்தான் ஆள்.

அது மெல்லும் தசை. பல்லை இறுக்கினால் கன்னத்தில் புடைக்கும், நெற்றிப்பொட்டிலும் ஒன்று புடைக்கும், கை வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கும், உள்ளே பல்லுக்கு நடுவில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் முட்டினால் போதும். நீங்கள் ஒரு நாளில் எட்டுப் பத்து மணி நேரம் கடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். இரவிலும் பல் நெருமுகிறீர்களா என்று மனிசனிடம் கேளுங்கள். கச்சான் சத்தம் கேட்கிறவருக்கு அதுவும் கேட்டிருக்கும்.

இனி டக் சத்தம். கீழ்த்தாடையின் எலும்புத் தலை, காதுக்கு முன்னால் மண்டையோட்டில் உள்ள ஒரு குழியில் போய் உட்காருகிறது. இரண்டுக்கும் இடையில் சவ்வு போன்ற ஒரு தட்டு, உங்கள் மெசினில் இருக்கிற வாஷர் மாதிரி. வாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தலை நின்ற இடத்திலேயே சுழலும். அகலத் திறந்தால் தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் வழுக்கும். தட்டு ஏற்கெனவே முன்னுக்கு நழுவி இருந்தால், எலும்பு அதன் விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும். தாண்டுகிற சத்தம்தான் டக். வலியில்லாத டக் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அதற்கு வைத்தியமே தேவையில்லை. ஒரு நாள் அந்த டக் திடீரென்று நின்று, வாயும் திறக்க மாட்டேன் என்றால் தட்டு சிக்கிக்கொண்டது என்று அர்த்தம், அப்போது தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

வளர்ந்த ஒருவருக்கு 40 மில்லிமீற்றர் அளவுக்காவது வாய் திறக்கும், அவரவர் விரல் மூன்று நெட்டுக்கு நுழையும். உங்களுக்கு டக்கும் இருந்து இரண்டு விரல் என்றால், பெரும்பாலும் தசை இறுகியதுதான் தடுக்கிறது. காதில் வலிப்பதற்கும் காரணம் உண்டு. மூட்டுக்கும் காதின் முன்பக்கத்துக்கும் ஒரே நரம்புதான் போகிறது, மூளைக்கு எந்த வீட்டில் இருந்து கூப்பிடுகிறார்கள் என்று விளங்குவதில்லை. எண்ணெய் வேண்டாம் என்று மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிடுங்கின பல் உண்மையாகவே பழுதாக இருந்திருக்கலாம், பார்க்காமல் நான் குறை சொல்ல மாட்டேன். அராவுவது வேறு கதை. பல்லை அராவிக் கடியைச் சரிசெய்தால் மூட்டு வலி மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அராவின பல் திரும்ப வளராது. இந்த வருத்தத்தில் முதலில் செய்கிறவை எல்லாம் வேண்டாம் என்றால் நிறுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது சொன்னால் சிரிப்பீர்கள். மெசினின் தலையில், கண் படுகிற இடத்தில், சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விடுங்கள், தோளையும் இறக்குங்கள். சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை நாடாவில் கழுத்தில் தொங்கவிடுங்கள், குண்டூசிக்கு மணிக்கட்டில் ஒரு பஞ்சு மெத்தை. சுடுதண்ணீரில் துவாய் நனைத்துப் பிழிந்து, தாங்கக்கூடிய சூட்டில் கன்னத்தில் 15 அல்லது 20 நிமிடம், காலையும் இரவும். சில கிழமைக்குக் குழைந்த சோறு, கஞ்சி, அவித்த மீன், தயிர், ஊறவைத்த பாண். கொத்துரொட்டி, பனங்கிழங்கு, சுயிங்கம் வேண்டாம். மாம்பழத்தை அப்படியே கடிக்காமல் வெட்டிச் சாப்பிடுங்கள். நாடிக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு ஃபோன் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

பயிற்சி ஒன்று. நாக்கின் நுனியை முன்பல்லுக்குப் பின்னால் உள்ள அண்ணத்தில் வைத்து, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு தடவைக்கு ஆறு, ஒரு நாளில் ஆறு தடவை. வலித்தால் அளவைக் குறையுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற பயிற்சி இதுவல்ல. வலி கூடின நாளில் பனடோல் போடலாம். புரூபன் (ஐபுபுரூபன்) நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளாலும் பல் நெருமல் வரும். அப்படி ஏதாவது குடித்தால் நீங்களாக நிறுத்தாமல் எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள்.

ஆறு கிழமையில் மாற்றம் இல்லாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வாய், முக, தாடை சத்திரசிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போகிற எல்லாரையும் வெட்டுவதில்லை. தேவைப்பட்டால் இரவில் போட்டுக்கொண்டு படுக்க ஒரு பிளேட் அளவெடுத்துச் செய்து தருவார்கள். ஒன்லைனில் விற்கிற, நாலு பல்லை மட்டும் மூடுகிற சின்ன ரப்பரை வாங்காதீர்கள், மாதக்கணக்கில் போட்டால் கடியே மாறிவிடும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் இரண்டு விசயம். நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடை வலித்து, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, நெற்றிப்பொட்டு நொந்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடை களைத்து, கண்ணும் மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது இரத்தக்குழாய் வருத்தமாக இருக்கலாம், பிந்தினால் பார்வை போகும்.

மருதமுனை ராத்தா

டொக்டர், இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் உம்மாவுக்கு 61 வயது. வலியும் இல்லை, டக் சத்தமும் இல்லை. ஆனால் வாய் வரவரச் சுருங்குகிறது, சோற்று உருண்டையைச் சின்னதாகப் பிடித்துத்தான் வைக்கிறா. மிளகாய் பட்டால் வாயெல்லாம் எரிகிறதாம். நானும் மூட்டு வாதம் என்று நினைத்துத் தைலம் பூசுகிறேன்.

கரைவாகு

ராத்தா, உம்மா வெற்றிலை போடுவாவா?

மருதமுனை ராத்தா

வெற்றிலைத் தட்டம் இல்லாமல் உம்மாவை நான் பார்த்ததே இல்லை.

கரைவாகு

அப்படியென்றால் தைலத்தை நிறுத்துங்கள், இந்தக் கிழமையே பல் கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள். இது மூட்டு அல்ல. பாக்கினால் கன்னத்தின் உள்தோல் நார் கட்டி இறுகுகிறது. கன்னத்தை உள்ளே விரலால் தடவினால் கயிறு மாதிரித் தெரியும், வெளிறியும் இருக்கும். சிலருக்கு இது பின்னாளில் புற்றுநோயாக மாறுகிறது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பொயிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான் என்று பலர் சொல்வார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. இறுகினது முழுவதும் இளகாது, ஆனால் இன்றைக்கு நிறுத்தினால் மேலும் இறுகுவதையாவது தடுக்கப் பார்க்கலாம். உம்மாவைப் பயப்படுத்தாமல் கூட்டிவாருங்கள், திட்டினால் ஒளித்துப் போடுவா.

ஊசிநூல் (ஏழு கிழமைக்குப் பிறகு)

சொல்லாமல் போனதற்கு மன்னியுங்கள், சாமத்தியச் சடங்குத் தையல் நாலு வீட்டுக்கு வந்து விழுந்தது.

முதல் கிழமை பொட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பல் பூட்டித்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒரு பிளவுஸ் முடிவதற்குள் பதினேழு. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஊசியில் நூல் கோர்க்கும்போதுதான் மோசம், மூச்சையும் பிடித்துக்கொண்டு கடிக்கிறேன். இப்போது கோர்க்கிற வேலை முழுக்கத் தங்கச்சிக்கு. மூன்றாம் கிழமையில் காலை இறுக்கம் குறைந்தது. கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற இந்த வெயிலில் சுடுதண்ணீர்த் துவாயைக் கன்னத்தில் வைக்கிறது தண்டனைதான், ஆனால் கேட்கிறது.

இரவில் நெருமுகிறேனா என்று மனிசனிடம் கேட்டேன். கலியாணம் முடித்த நாளில் இருந்து எலி என்று நினைத்திருக்கிறார். அதனால் பிளேட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன், அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டக் அப்படியேதான் இருக்கிறது. வாய் இப்போது இரண்டரை விரல், என் விரலுக்கு. தங்கச்சியின் மெலிந்த விரல் என்றால் மூன்றும் போகும். "உதட்டை மூடு, பல்லை மூடாதே என்றுதான் டொக்டரும் சொல்கிறார்" என்று மாமியிடம் சொன்னேன். "நான் சொன்னதில் பாதியைத்தானே அவரும் சொல்கிறார்" என்றார்.

மருதமுனை ராத்தா, உம்மாவைக் காட்டினீர்களா?