புடாபெஸ்ட்: டான்யூப் கரை ஹோட்டலில் எந்தப் பக்கம் அறை எடுப்பது?

அடையாறு: அப்பா அம்மாவோடு அக்டோபரில் 4 இரவு. ஆறு தெரியும் பெரிய ஹோட்டல் வேண்டும். டான்யூபின் ஒரு பக்கம் பூடா, எதிர்ப்பக்கம் பெஸ்ட். பூடா கரையா, பெஸ்ட் கரையா?

மயிலாப்பூர்: எதைப் பார்க்கணும்கிறதுதான் கணக்கு. பார்லிமென்ட் பெஸ்ட் கரையில் இருக்கு. அது ஜன்னலில் தெரியணும்னா எதிரே பூடாவில், பாத்தியானி சதுக்கம் பக்கம் எடுங்க. பூடா மேட்டில் இருக்கிற கோட்டையும், ஆற்றின் மேலே சங்கிலிப் பாலமும் தெரியணும்னா பெஸ்ட். பெரியவங்களுக்கு நான் பெஸ்ட்தான் சொல்வேன்: தரை சமம், பூடாவில் மேடு அதிகம். ஒரே தொல்லை, 2-ம் நம்பர் டிராம் கரையை ஒட்டியே ஓடும். கீழ்த்தள அறைன்னா காலையிலேயே சத்தம். மேல்தளம் கேளுங்க. புக்கிங்கில் 'சைடு வியூ'ன்னு இருந்தா கழுத்தை வளைச்சுத்தான் ஆற்றைப் பார்க்கணும்.

தாம்பரம்: டெபிட் கார்டு நீட்டாதீங்க. செக்-இன்னில் டெபாசிட்டுக்குத் தொகையைப் பிடிச்சு வைப்பாங்க, விடுவிக்க நாளாகும். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே ஆன் பண்ணிடுங்க. கார்டு மெஷின் ரூபாயா, ஃபோரிண்டா (ஹங்கேரி நாணயம்)ன்னு கேட்டா ஃபோரிண்ட். ரூபாய்னா மாற்று விகிதத்தில் அடி. ஏர்போர்ட்லேருந்து ஊருக்குள் வர 100E பஸ், சாதா டிக்கெட் அதில் செல்லாது.

வேளச்சேரி: நம்ம மூணு பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேணும். விசாவுக்கு இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய புக்கிங் மட்டும் போடுங்க.