மீன் டேங்க்ல இருக்குற ரெண்டு லைட்டுக்கும் தனித்தனி டைமர் தேவையா?

கேள்வி: 3 அடி டேங்க், செடி வச்சிருக்கேன். மேல வெள்ளை எல்இடி ஒண்ணு, நீலம் ஒண்ணு, ரெண்டும் ஒரே டைமர்ல. காலைல 7 மணிக்கு ரெண்டும் ஒண்ணா பளிச்சுனு எரிஞ்சதும் நியான் டெட்ரா மீன் எல்லாம் அரண்டுபோய் கண்ணாடில மோதுது, போன வாரம் ஒண்ணு வெளிய குதிச்சு தரையில காஞ்சு கெடந்துச்சு. மனசே கேக்கல. இன்னொரு டைமர் வாங்குனா சரியாகுமா இல்ல காசு வேஸ்டா?

பதில் 1: வேஸ்ட் இல்ல ப்ரோ, வாங்குங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணா எரியாது, மொதல்ல நீலம் மதியம் 1:30, அப்புறம் வெள்ளை 2 மணி, ராத்திரி வெள்ளை 9க்கு ஆஃப், நீலம் 9:30. காலைல 7 மணிக்கு எரிஞ்சா யாரு பாக்கப்போறா, நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. வெள்ளை 7 மணி நேரம் போதும், அதுக்கு மேல போனா பாசிதான் வளரும். மூடியும் போடுங்க.

பதில் 2: பின்னை அழுத்தி செட் பண்ற டயல் டைமர்னா ஒரு விஷயம், கரண்ட் போனா அதுவும் நின்னுடும், 2 மணி நேரம் கட்டுன்னா அன்னைலேர்ந்து எல்லாமே 2 மணி நேரம் லேட். என்கிட்ட ஒண்ணு இன்வெர்ட்டர் லைன்ல, ஒண்ணு நேர் லைன்ல இருந்துச்சா, ஒரு மாசத்துல ராத்திரி 12 மணிக்கு வெள்ளை லைட் எரியுது 😂 பேட்டரி உள்ள டிஜிட்டலே வாங்குங்க. ஒயர் பிளக்குக்கு கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி விடுங்க, தண்ணி வழிஞ்சா சாக்கெட்டுக்குள்ள போகாது.

கேள்வி கேட்டவர்: ஐயோ, என்னோடது டயல்தான். டிஜிட்டல் ரெண்டா வாங்கிடுறேன், நன்றி.