பாசி எடுக்கிற வீட்டுப் பொண்ணு தாவர வகைப்பாட்டியலுக்குப் போகலாமா?

ஏர்வாடிப்பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சின்ன ஏர்வாடி. நான் எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். எங்க அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி எல்லாத்தையும் தண்ணிக்குள்ள கையால தடவியே பிரிச்சுச் சொல்லிடுவாங்க. சின்ன வயசுல இருந்து அவங்க கூட கரையில உக்காந்து பாசி காயப்போட்டதால எனக்கும் செடி பார்த்துப் பேர் சொல்றது ரொம்பப் பிடிக்கும். வகுப்புல வகைப்பாட்டியல் பாடம் வந்தா மட்டும் நேரம் போறதே தெரியாது.

பிஎச்.டி. அதுலயே பண்ணணும்னு ஆசை. மாமா "பி.எட். படி, டீச்சராகலாம், செடிக்குப் பேர் வெச்சு யாரு சோறு போடப் போறா"ங்கிறார். எங்க துறையில ஒரு மேடமும் "அது பழைய சப்ஜெக்ட், மாலிக்யூலர் எடு"ன்னுட்டாங்க. இந்த வழியில போனவங்க யாராவது இருந்தா உண்மையைச் சொல்லுங்க. வாழ்க்கை எப்படி இருக்கும்? வேலை இருக்கா?

பரமக்குடிக்காரன்:

தங்கச்சி, ஆசையை விடச் சொல்லல. முதல்ல நெட் எழுதிடு, கல்லூரி வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு அது. தாவரவியலுக்குன்னு தனி நெட் கிடையாது, சிஎஸ்ஐஆர் நெட்டோட லைஃப் சயின்ஸ் தாள்தான். அதுல உன் வகைப்பாட்டியல் பெரும்பாலும் ஒன்பதாவது யூனிட்ல அடங்கிடும். மத்ததெல்லாம் செல், மரபியல், உயிர்வேதியியல். பிடிக்காட்டியும் படிச்சே ஆகணும். ஜேஆர்எஃப்-ங்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைச்சா 2023-ல இருந்து மாசம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப்-ங்கிற முதுநிலை உதவித்தொகை ஆனா 42,000. அந்தப் பணம் கையில இருந்தா மாமாவும் பேச மாட்டார். வழிகாட்டி கிடைக்கிறதும் சுலபம்.

உமரிக்காடு:

தங்கச்சி, நான் தேவிபட்டினத்துக்காரி. முனைவர் பட்டம் வாங்கியது உவர்நிலச் செடிகளில். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், விடுமுறையில் செடி சேகரிக்கப் போகிறேன். நீ கேட்டதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பரமக்குடித் தம்பி சொன்னது சரி. நெட் எழுது. "வகைப்பாட்டியலாளர்" என்ற பெயரில் வரும் வேலைகள் மிகக் குறைவு. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தில் பொட்டானிஸ்ட் பணியிடம் யூபிஎஸ்சி வழியாக எப்போதாவது வரும். மற்றபடி கல்லூரி, ப்ராஜெக்ட், மறுபடி ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் முடிகிற மாதம் சம்பளமும் முடியும். எனக்கு அப்படி ஒரு இடைவெளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் ஓடியது, வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு. இதை மறைத்துவிட்டு உன்னை வா என்று கூப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் பழைய சப்ஜெக்ட் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிஎன்ஏ எடுப்பவர் எந்தச் செடியிலிருந்து எடுத்தார் என்பதற்கு ஒரு மாதிரித்தாள் வேண்டும், அதாவது அந்தச் செடியையே அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள். அந்தத் தாள் ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது இப்படிப்பட்ட தாள்களைக் காக்கிற காப்பகத்தில், இல்லையென்றால், பத்து வருடம் கழித்து அந்தப் பெயர் சரியா என்று யாராலும் சோதிக்க முடியாது. கடற்புல் கணக்கெடுப்பு, அலையாத்தி நடுவது, பாசி வளர்ப்பு, 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ ஒருவர் செடியைக் கையில் பிடித்துப் பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆளைத் தேடித்தான் எல்லோரும் அலைகிறார்கள்.

உன் அம்மா பறிக்கிற கட்டக்கோரையையே எடுத்துக்கொள். சார்காசம் இனங்கள் அவை. நம் கரையில் அதிகம் எடுப்பது "சார்காசம் வைட்டியை" என்ற பெயரில் அறியப்பட்டது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயரைத்தான் கிரெவில் என்ற தாவரவியலாளர் அதற்குச் சூட்டினார். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வந்த வைட், 1853 வரை தென்னிந்தியாவில் செடி சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்த படங்களைப் பார், ஒரு பூவைப் பிரித்துக் காட்டுவது எப்படி என்று அதில் கற்றுக்கொள்ளலாம். நம் ராமநாதபுரத்துப் பொட்டலில் குடை விரித்து நிற்கிற உடைமரம் இருக்கிறதே, அதை 1834-ல் அக்கேசியா பிளானிஃப்ரான்ஸ் என்று விவரித்ததும் வைட்டும் ஆர்னட் என்ற இன்னொரு தாவரவியலாளரும்தான். 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கியது, அதன் பிறகு நம் உடை வாச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ் ஆனது. சீமைக் கருவேலையும் 2022-ல் புரோசோபிஸிலிருந்து பிரித்து நெல்டுமா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். இந்த மாற்றங்களுக்கெல்லாம் காரணம் படித்துப் புரிந்துகொள்வதும் உன் அன்றாட வேலையில் ஒரு பகுதியாக இருக்கும்.

வைட்டுக்கு முன்னால் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் கோனிக், செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை வகுத்த லின்னேயஸிடமே படித்தவர். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். 1776-ல் வந்த ராட்லர் பாதிரியார் செடியும் சேர்த்தார், தமிழ் அகராதியும் தொகுத்தார். வெள்ளைக்காரர் கதை மட்டும் என்று நினைக்காதே. மண்டபத்துக்கு எதிரே இருக்கிற குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-லேயே எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார். நம் நாட்டுப் பாசியியலுக்கு அடித்தளம் போட்டவர் அவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ரபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கி, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பல பகுதிகளாக எழுதி முடித்தவர் மேத்யூ பாதிரியார். ஒரு கல்லூரிக்குள் உட்கார்ந்து ஒரு மனிதர் இவ்வளவு செய்ய முடியும் என்பதை அந்த அலமாரிகளுக்கு நடுவே நின்றபோதுதான் நான் நம்பினேன். நீயும் ஒருமுறை போய்ப் பார்.

இனி உவர்நிலம். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கரையை ஒட்டி நடந்தால் முழங்கால் உயரத்துக்கு உமரி என்கிற உவர்நிலச் செடிகள் பரந்து கிடக்கும். தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். குனிந்து பார்த்தால் கணுக்கணுவாக, இலையே இல்லாததுபோல் நிற்பவற்றில் இரண்டு வகை உண்டு. சாலிகோர்னியா பிராக்கியேட்டா ஒரு பருவத்துச் செடி. டெக்டிகார்னியா இண்டிகா பல வருடம் நிற்பது, அடித்தண்டு கட்டையாக இருக்கும். சதைப்பற்றான இலையோடு நிற்பது சுவீடா. அதிலும் மோனோய்க்கா ஆளுயரப் புதராக வளரும், மாரிட்டிமா சிறியது. பூ கடுகைவிடச் சின்னது. லென்ஸ் இல்லாமல், கனி விதை இல்லாமல் சுவீடாவைத் தீர்மானிக்கவே கூடாது. இவையெல்லாம் முன்பு கீனோபோடியேசி, இப்போது தண்டுக்கீரை இருக்கிற அமராந்தேசி குடும்பத்தில் சேர்ந்துவிட்டன.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். இந்தக் கரையில் ஒரு கட்டுமானத்துக்காக யாரோ எழுதிக் கொடுத்த அறிக்கையை ஒருமுறை வாசித்தேன். உமரிக்காடு முழுவதையும் "தாவரமற்ற தரிசு" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பக்கத்தில் இணைத்திருந்த செடிப் பட்டியலில் இந்தக் கரையிலேயே முளைக்காத மலைச் செடிகள். ஊர்ப் பெண் ஒருத்தி, உன் மாதிரி ஒருத்தி, மாதிரித்தாள்களோடு அங்கே உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த வரி நின்றிருக்காது.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொதுவாக வகைப்பாட்டியல் என்று போகாதே. உன் கரையில் கிடைக்கிற, மற்றவர் பிரிக்கத் தயங்குகிற ஒரு கூட்டத்தைப் பிடி. சார்காசமே போதும் ஓர் ஆயுளுக்கு. ஒரே செடியில் கீழ் இலை ஒரு மாதிரி, மேல் இலை ஒரு மாதிரி, காற்றுப்பை வேறு மாதிரி இருக்கும். பாறையைப் பிடித்துக்கொள்ளும் பற்றுறுப்போடும் இனப்பெருக்கக் கிளைகளோடும் முழுச் செடியாக எடுத்தால்தான் தீர்மானிக்க முடியும். கரையில் ஒதுங்கிய துண்டுகளை வைத்து எழுதப்பட்ட பெயர்கள் நிறைய. கடலுக்குள் இறங்கி எடுக்கத் தெரிந்த ஓர் அம்மா வீட்டில் இருப்பது எந்த ஆய்வுக்கூடத்துக்கும் வாய்க்காதது. பாசி, பூஞ்சை, தாவரம் மூன்றுக்கும் பெயரிடும் விதித்தொகுப்பும் ஒன்றே என்பதால் நீ கற்பது எதுவும் வீணாகாது.

ஏர்வாடிப்பொண்ணு:

அக்கா, இதைக் கண்ணீரோட படிச்சேன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் கேக்கலாமா? பாசியையும் உமரியையும் ஹெர்பேரியம் தாள்ல எப்படி ஒட்டுறது? எங்க காலேஜ்ல சாதாரணச் செடி மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம், தீவுப் பக்கம் போய் எடுக்கலாமா?

உமரிக்காடு:

கேளும்மா, தாராளமாகக் கேள்.

மெல்லிய பாசிக்கு ஒரு தட்டில் கடல்நீர் ஊற்று. தாளை நீருக்குள் சரித்து வைத்து, பாசியை அதன்மேல் மிதக்கவிட்டு, தூரிகையால் கிளைகளை விரி. பிறகு தாளை மெல்ல ஒரு பக்கமாகத் தூக்கினால் நீர் வடியும், பாசி விரித்தபடியே தாளில் தங்கும். மேலே பழைய மல் துணி போட்டு அழுத்து, இல்லையென்றால் மேலே வைக்கிற செய்தித்தாளோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அதன் பசையே போதும், கோந்து தேவைப்படாது. தடித்த சார்காசத்துக்கு ஒரு பகுதியை 4 சதவீத ஃபார்மலினில் தனியாக வை. கடல்நீரில்தான் கலக்க வேண்டும். கையுறை கட்டாயம்.

உமரியை அப்படியே அழுத்தினால் காய்வதற்குள் கணுக்கணுவாக உதிரும். கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிட்டு அழுத்து. ஒரு கிளையை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வை, காய்ந்தபின் பூவைப் பார்க்கவே முடியாது. செய்தித்தாளைத் தினமும் மாற்று. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஈரத்தை இழுத்து, காய்ந்த தாளும் திரும்ப நசநசக்கும், அப்போது நாளுக்கு இரண்டு முறை. உயிரோடு இருந்தபோது நிறம் என்ன, உயரம் என்ன, சேறா மணலா, ஓதம் வருகிற இடமா என்பதை அங்கேயே நோட்டில் எழுது. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விடாதே. எண் வரிசை 1-ல் தொடங்கினால் ஆயுளுக்கும் அதே வரிசை, ஊர் மாறினாலும் வருடம் மாறினாலும் புதிதாகத் தொடங்கக் கூடாது. பெயர் சொன்னவர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுது. அது மரியாதைக்காக மட்டும் இல்லை, பின்னால் வருகிறவருக்கு அதுவும் ஒரு தகவல்.

தீவு 21-ம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அனுமதி இல்லாமல் ஓர் இலைகூட எடுக்காதே. கல்லூரி வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அம்மா போன்றவர்கள் பிழைப்புக்கு எடுக்கிற விஷயத்தில் ஏற்கெனவே வனத்துறையோடு உரசல் இருக்கிறது, உன் ஆய்வினால் அவர்களுக்குப் புதுச் சிக்கல் வந்துவிடக் கூடாது. முதல் ஒரு வருடத்துக்குப் பூங்கா எல்லைக்கு வெளியே, ஊர்க்கரையில் கிடைப்பதே ஏராளம்.

பிஎச்.டி. சேருமுன் வழிகாட்டியிடம் ஒன்று கேட்டுவிடு: உங்கள் மாணவர்களின் மாதிரித்தாள்கள் எங்கே போய்ச் சேருகின்றன? பன்னாட்டுப் பட்டியலில் குறியீட்டெழுத்து உள்ள ஹெர்பேரியமாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கிற சென்னை ஹெர்பேரியத்துக்கு எம்எச், ரபினாட்டுக்கு ஆர்எச்டி. "துறை அலமாரியில் இருக்கும்" என்று பதில் வந்தால் வேறு வழிகாட்டியைத் தேடு.

பரமக்குடிக்காரன்:

அக்கா, இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் படிக்கும்போது தெரியாமப் போச்சு. தங்கச்சி, நெட் விண்ணப்பத் தேதி வந்ததும் இங்கேயே போடுறேன், பழைய வினாத்தாள் என்கிட்ட இருக்கு, அனுப்பி வைக்கிறேன்.